இடையில நிற்குமோ

பலகையில் எழுதியிருப்பது
ஏஜென்சி, விமானச் சீட்டு, போட்டோக் கொப்பி, லாமினேற்றிங்.
ஜெட் வாடகைக்கு என்று எங்கேயும் எழுதவில்லை நான்.
ஆனாலும் டொக்யார்ட் வீதியில்
இங்கிலீஷில் ஒழுங்காக மின்னஞ்சல் எழுதுகிறவள் நான்தானென்று
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்
குலவீரசிங்கத்தை.

பேர்கனில் மீன் வெட்டப் போனவர்.
இப்போது மீன் வெட்டுகிற இருநூறு பேருக்குச்
சம்பளம் கொடுக்கிறவர்.
தை மழையில் நனைந்த பாட்டாவைக்
கால்மிதியில் துடைத்துத் துடைத்து நின்றார்.
"சீனன்குடாவில ஏறவேணும்.
பேர்கனில இறங்கவேணும்.
இடையில ஒண்டும் வேண்டாம்."

அபுதாபித் தரகருக்கு எழுதினேன்.
மூன்று கொட்டேஷன் வந்தன.
முதலாவதில் படுக்கை, குளியலறை, தேக்குநிற மேசை;
பூச்சியங்களை விரல்வைத்து எண்ணினேன்,
நிலாவெளியில் கடல் பார்த்த காணியோடு
ஒரு ஹோட்டலே வாங்கலாம்.
இரண்டாவதில் எட்டு இருக்கை, ஒரு பணிப்பெண்,
உணவு தங்கள் விருப்பம்.
மூன்றாவதை மான் தின்றுவிட்டது.
பொய்யில்லை. மழைக்கு என் தாழ்வாரத்தில் ஒதுங்குகிற
கோட்டையடிக் கூட்டம் அது,
மெஷினிலிருந்து சூடாக வருகிற தாளென்றால் உயிர்.
மறுபடி அச்செடுத்தேன்.

அவர் படங்களைப் பார்க்கவேயில்லை.
தோல் இருக்கை, கண்ணாடிக் கிண்ணம், வெள்ளை ஓர்க்கிட்,
எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டு
ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கேள்வி:
"இது இடையில நிற்குமோ?"

வரும்போது எல்லாரையும்போலத்தான் வந்தாராம்.
தோஹாவில் ஆறு மணித்தியாலம்.
கால் மடங்கிவிட்டது, சக்கர நாற்காலியில்
தள்ளிக்கொண்டு போனார்கள்.
"வருத்தம் ஒண்டுமில்லைத் தங்கச்சி.
அந்தக் கூடத்தில பேர் கூப்பிடுற சத்தம், அதுதான்."

தரகர் அழைத்தார்.
பயணி எத்தனை கிலோ, பெட்டி எத்தனை கிலோ,
விமானப்படை அனுமதி எத்தனை நாளில்?
பேர்கன்வரைக்கும் எண்ணெய் நிரப்பினால்
இந்த மழையில், அந்தப் பாதை நீளத்தில்,
எழும்பாது மேடம்.
பாதி நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.
பெரிய ஜெட்டும் நிற்கும், சின்ன ஜெட்டும் நிற்கும்.
எங்கே என்பதில்தான் விலை.
"மஸ்கட். அல்லது பாகு.
பாகு மலிவு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் பிழை.
தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.
பிறகு அவர் சொன்னார், என்னிடமல்ல,
மேசைக் கண்ணாடிக்குக் கீழிருந்த காலண்டரிடம்:

தொண்ணூற்றாறு. ஏஜென்சிக்காரன்
அஞ்சாம் மாடியில பூட்டிப்போட்டுப் போயிட்டான்.
பதினொரு பேர். ரெண்டு சோடிச் சப்பாத்து.
பாண் வாங்கப் போறவன் போட்டுக்கொண்டு போவான்,
மிச்சப் பேர் யன்னலில நிண்டு
அவன்ர காலைப் பாப்பம்.
நாப்பத்தொரு நாள்.
எனக்கு முறை வரேல்லை. அதுக்குள்ள வான் வந்திட்டுது.

என் பலகையிலும் அதே சொல்தான் இருக்கிறது.
கண்ணாடிக் கதவின் உள்ளிருந்து பார்த்தால்
அது தலைகீழாகத் தெரியாது, இடம்வலமாகத் தெரியும்.
ஏன் அதை அப்போது கவனித்தேனோ.

தரகருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்,
உற்சாகமாகவே சொன்னார்:
ஐம்பது நிமிடம்தான் சேர். தாங்கள் உறங்கலாம்.
இறங்கத் தேவையே இல்லை.

குலவீரசிங்கம் போனுக்குக் குனிந்தார்.
"இறங்கலாமோ?"

அந்தப் பக்கத்தில் கீபோர்ட் தட்டும் சத்தம்.
கேட்டுச் சொல்கிறேன் சேர்.
அது அங்கே பின்னிரவு. பனி கொட்டலாம்.
படி இறக்கச் சொன்னால் தனிக் கட்டணம்.

இரண்டாவது தாளில் கையெழுத்திட்டார்.
எடை என்ற கட்டத்தில்
எழுபத்திரண்டு என்று எழுதி, வெட்டி,
எழுபத்துநாலு ஆக்கினார்.
முற்பணத்துக்கு ரசீது வேண்டாமென்றார், கொடுத்தேன்.

வாசலில் மான்களை விலக்கிக்கொண்டு நின்று கேட்டார்:
"இந்த ஊரில தடிச்ச சப்பாத்து எங்க வாங்கலாம்?"

பள்ளிக்கூடம் திறக்கிற மாதம்,
மெயின் வீதியில் பிள்ளைகளின் கறுப்புச் சப்பாத்து இருக்கும்,
பெரிய அளவும் வைத்திருப்பார்கள்,
ஆனால் பனிக்குச் சரிவராதே என்றேன்.

"காணும்," என்றார்.